சத்தாகச் சாப்பிடத் தொடங்கினேன், குப்பையும் செலவும் கூடிவிட்டன

ஜனவரி 6, காலை (வாசகர் கேள்வி)

மூன்று மாதமாக வீட்டில் சத்தான சாப்பாடுதான் என்று முடிவெடுத்து, காய்கறி, கீரை, பழம் எல்லாவற்றையும் இரட்டிப்பாக வாங்குகிறேன். செலவு ஏறியதுதான் மிச்சம். வாங்கியதில் கிட்டத்தட்ட பாதி அழுகிக் குப்பைக்குப் போகிறது. பணத்தை மிச்சம் பிடிப்பது, நல்லதைச் சாப்பிடுவது, உணவை வீணாக்காமல் இருப்பது, இந்த மூன்றும் ஒரே வீட்டில் நடக்குமா? ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டுமா?

ஜனவரி 6, இரவு

மூன்றும் நடக்கும். எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. நீங்கள் குப்பைத்தொட்டியைப் பார்த்து வருந்துகிறீர்கள். உங்கள் பணம் அதற்கு நான்கு நாள் முன்பே, பையோடு காய்க்கடைக்குள் நுழைந்த பத்து நிமிடத்தில் போய்விட்டது.

எங்கள் வீட்டில் நான்கு பேர்: நான், கணவர், பத்து வயது மகள், என் அம்மா. போன வருடம் எங்களுக்கும் இதே நிலைமைதான். ஞாயிற்றுக்கிழமை நான்கு கட்டுக் கீரை வாங்குவேன். வியாழக்கிழமை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டை இழுத்தால், பிளாஸ்டிக் பையின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். தண்டு இன்னும் பச்சையாக நிற்கும். இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்துக் கூழாகியிருக்கும். பையின் ஒரு மூலையில் பழுப்புத் தண்ணீர். முடிச்சை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி, மகள் கண்ணில் படுவதற்குள் தொட்டியில் போட்டுவிடுவேன். தட்டில் ஒரு பருக்கைகூட மிஞ்சக் கூடாது என்று அவளிடம் தினமும் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். வாரத்தில் ஏழு இரவு. நின்று நிதானமாகச் சமைக்க எனக்கோ கணவருக்கோ நேரம் கிடைக்கிற இரவு நான்குதான். நான் ஏழு இரவுக்கும் வாங்கிக்கொண்டிருந்தேன். சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டதை எல்லாம் வாங்கினேன்; ஆய்ந்து நறுக்கி ஆக்குவதற்கு ஆள் உண்டா என்று யோசிக்கவில்லை.

ஆகவே, வாங்குவதைக் குறையுங்கள். கடைக்குக் கிளம்பும் முன் கீழ்த்தட்டைத் திறந்து, இருப்பதைத் துண்டுச்சீட்டில் எழுதுங்கள். அந்த வாரம் எத்தனை இரவு சமைப்பீர்கள் என்று எண்ணி, அதற்கு மட்டும் வாங்குங்கள். உறைந்த காய்கறி எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை, புதியது மட்டுமே. மிஞ்சிய சோற்றை மறுநாள் நன்றாகச் சுடவைத்துச் சாப்பிட்டுவிடுகிறோம்.

ஜனவரி 7

உங்கள் வீடு மட்டும் இப்படி இல்லை என்பதற்கு ஒரு கணக்கு. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் கடை, உணவகம், வீடு ஆகிய மூன்று இடங்களிலும் சேர்ந்து வீணான உணவு 105 கோடி டன். அதில் 63.1 கோடி டன் வீடுகளிலிருந்து போனது. பத்துக் கிலோ வீணானால் ஆறு கிலோ வீட்டுச் சமையலறைக் கணக்கு. ஆள் ஒருவருக்கு வருடத்துக்கு 79 கிலோ, வாரத்துக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ.

நாங்கள் நான்கு வாரம் ஒரு வாளியில் சேர்த்து எடை போட்டோம். நான்கு பேருக்கும் சேர்த்து வாரத்துக்கு 2.4 கிலோ. உலகச் சராசரிப்படி ஆறு கிலோ வந்திருக்க வேண்டும். பாதிக்கும் கீழே இறங்கிவிட்டோம்.

ஜனவரி 9

நேற்று முன்தினம் எழுதியதில் பெரிய பிழை. அந்த 79 கிலோவில் தோல், எலும்பு, கொட்டை போன்ற, யாரும் சாப்பிடாத பகுதிகளும் அடக்கம். நாங்கள் வாளியில் போட்டது சாப்பிட்டிருக்கக் கூடியதை மட்டும். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டது தவறு. இரண்டு நாளாகத் தோல், காம்பு எல்லாம் சேர்த்து நிறுத்து வாரக் கணக்குப் போட்டால் ஐந்து கிலோவைத் தாண்டுகிறது. நாங்கள் சராசரியை ஒட்டித்தான் இருக்கிறோம்.

எடை போடும்போது இன்னொன்றும் புரிந்தது. எடை ஒன்றைச் சொல்கிறது, பணம் வேறொன்றைச் சொல்கிறது. பூசணித் தோல் ஒரு கிலோ போனால் பையிலிருந்து போன காசு மிகக் கொஞ்சம். ஒரு கைப்பிடி இறைச்சி, காய்ந்துபோன பாலாடைக்கட்டித் துண்டு, பிசுபிசுத்த பெர்ரிப் பழம் அரைப் பெட்டி, இவை எடையில் ஒன்றுமே இல்லை. விலையில் அந்த வாரக் குப்பையின் முக்கால் பங்கு. அதனால் இப்போது எடைக்குப் பக்கத்திலேயே, வாங்கியபோது என்ன கொடுத்தோம் என்றும் எழுதுகிறோம். உங்கள் வீட்டிலும் இரண்டையும் எழுதிப் பாருங்கள். எங்கே கை வைக்க வேண்டும் என்று விலைக் கணக்கு சொல்லிவிடும்.

ஜனவரி 11

'வாங்கி வந்ததை எந்த வரிசையில் தீர்ப்பது?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இது நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் முன்பெல்லாம் திங்கள் இரவு என்ன சாப்பிடத் தோன்றுகிறதோ அதைச் சமைப்பேன். பெரும்பாலும் உருளைக்கிழங்கு. கிழங்கு எத்தனை வாரமானாலும் காத்திருக்கும், கீரை காத்திருக்காது. இப்போது வாரத்தின் முதல் இரண்டு நாள் இலைக்கு. அடுத்த இரண்டு நாள் தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய், காளான் போன்றவற்றுக்கு. அதற்குப் பின் முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட். கடைசியாகக் கிழங்கு, வெங்காயம், உலர்ந்த பயறு. அம்மா இதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "வாடுவது முன்னே, வாடாதது பின்னே." அதைத் தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறோம்.

கீரையை எப்படி வைப்பது என்பதையும் அம்மாவிடமிருந்துதான் கற்றேன். வந்த உடனே கழுவக் கூடாது. கட்டைப் பிரித்து, மேசையில் விரித்து, நசுங்கிய இலை, மஞ்சள் இலையைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். ஒரு அழுகல் இலை போதும், சுற்றியிருப்பதை எல்லாம் இழுத்துக்கொண்டு போய்விடும். பிறகு உலர்ந்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, டப்பாவில் வைக்க வேண்டும். இலை விடுகிற ஈரத்தைத் துணி வாங்கிக்கொள்கிறது. துணி நனைந்தால் மாற்றிவிடுவோம். போன வாரம் வைத்தது ஆறாம் நாளும் மொடமொடப்பாக இருந்தது. கேரட்டை இலையோடு வாங்கினால் இலையை அன்றே வெட்டிவிடுங்கள்; அது கிழங்கிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

ஜனவரி 12

மேலே சொல்ல விட்டுப்போனது. வாழைப்பழம், ஆப்பிள், பழுத்த தக்காளி ஆகியவை எத்திலீன் என்ற வாயுவை வெளியிடும். பக்கத்தில் கீரை இருந்தால் சீக்கிரம் மஞ்சளாகும், கேரட் கசந்துபோகும். தனித்தனியாக வையுங்கள். பழுக்காத பழம் இருந்தால் அதே வாயுவை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம்: ஒரு வாழைப்பழத்தோடு காகிதப் பைக்குள் போட்டு மூடிவிடுங்கள்.

ஜனவரி 15

இதை எல்லோரும் படியுங்கள். ஜனவரி 6 இரவு நான் எழுதிய கடைசி வரியை, சோற்றைப் பற்றியதை, அப்படியே பின்பற்றாதீர்கள்.

சுடவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். சோற்றில் அது சரிவராது. அரிசியில் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் இருக்கலாம். அவை கொதியில் சாவதில்லை. வெந்த சோறு மணிக்கணக்கில் வெளியே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, ஒரு நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி தொடங்கிவிடும். போன மழைக்காலத்தில் என் மகள் ஒரு இரவு முழுக்க வாந்தி எடுத்தாள். அன்று அவள் சாப்பிட்டது முந்தின இரவு முழுதும் சமையல் மேடையிலேயே இருந்த சோற்றை வறுத்தது. காரணம் அதுதான் என்று யாரும் சோதித்துச் சொல்லவில்லை. ஆனால் இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்த இரவே நினைவுக்கு வருகிறது. ஒரு கிண்ணம் சோற்றை மிச்சப்படுத்தியதாக நினைத்திருந்தேன்.

செய்ய வேண்டியது இது: சாப்பிட்டு முடித்ததும் மிச்சச் சோற்றை அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாளைக்குள் தீர்த்துவிடுங்கள். ஒரு தடவைக்கு மேல் சுடவைக்காதீர்கள். மற்றச் சமைத்த உணவு எதுவானாலும் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. உள்ளே வைத்தது மூன்று, நான்கு நாளைக்குள் தீர வேண்டும். ஃப்ரிட்ஜின் உள்வெப்பம் 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது. எங்களுடையது 8 காட்டியது! ஒரு சிறிய வெப்பமானியை இரவு முழுக்க உள்ளே வைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. திருகைத் திருப்பிய பின் பால் கூடுதலாக இரண்டு நாள் தாங்குகிறது.

ஜனவரி 16

அம்மா நேற்றையதைப் படித்துவிட்டு வாதம் செய்தார். சூடான பாத்திரத்தை உள்ளே வைத்தால் ஃப்ரிட்ஜில் உள்ள மற்றவை கெட்டுப்போகாதா என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெரிய பாத்திரம் நிறையக் கொதிக்கக் கொதிக்க வைத்தால் உள்ளே இருக்கும் எல்லாமே சூடாகும். பாத்திரத்தின் நடுப்பகுதி நெடுநேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். பதில், காத்திருப்பதில் இல்லை. ஆழமில்லாத சிறு டப்பாக்களாகப் பிரித்தால் அரை மணியில் ஆறிவிடும், உடனே வைத்துவிடலாம். அம்மா இரண்டு விதமாகவும் செய்து, கையை வைத்துப் பார்த்து, ஒத்துக்கொண்டார்.

டப்பாக்களின் மேல் நாள் எழுதி ஒட்டும் வேலையை மகள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். காகித நாடாவில் பச்சை மையால் எழுதுகிறாள். 'பயறு, வியாழன், நாளைக்குள் என்னைச் சாப்பிடு' என்று நேற்று ஒன்று.

ஜனவரி 19

அச்சிட்ட தேதியைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பொட்டலத்தில் இரண்டு வகைத் தேதி வரும். 'இதற்குள் பயன்படுத்தவும்' என்பது பாதுகாப்பைப் பற்றியது. இறைச்சி, மீன் போன்ற சீக்கிரம் கெடுகிறவற்றில் வரும். அதைத் தாண்டக் கூடாது. 'இந்தத் தேதிக்கு முன் சிறந்தது' என்பது சுவையையும் பதத்தையும் பற்றியது. பிஸ்கட், உலர்ந்த பயறு, டப்பாவில் அடைத்த உணவு ஆகியவற்றில் அது தாண்டியிருந்தால் பார்த்து, முகர்ந்து, ருசித்து முடிவு செய்யலாம். இரண்டையும் ஒன்றாக நினைத்து நான் எவ்வளவு எறிந்திருக்கிறேன் என்று எண்ணினால் மனம் பொறுக்கவில்லை.

முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது உண்மையா என்றால், பாதி உண்மை. நாளாக ஆக உள்ளே காற்று கூடுவதால் பழைய முட்டை மேலே வரும். அது வயதைச் சொல்லும், கிருமி இருக்கிறதா இல்லையா என்று சொல்லாது. கெட்டுவிட்டதா என்று அறிய உடைத்து முகர்ந்து பாருங்கள்.

பூஞ்சணம் பிடித்தால்: ரொட்டி, மென்மையான பழம், சமைத்த உணவு ஆகியவற்றை முழுதாக எறிந்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே ஓடியிருக்கும். கேரட், முட்டைக்கோஸ், கெட்டியான பாலாடைக்கட்டி என்றால் சுற்றிலும் இரண்டரை சென்டிமீட்டர் தள்ளி வெட்டிவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளலாம். வேர்க்கடலை, தானியம் ஆகியவற்றில் பூஞ்சணம் வந்தால் துளிகூட ஆசைப்படாதீர்கள். அந்தப் பூஞ்சணம் உண்டாக்கக்கூடிய அஃப்ளடாக்சின் என்ற நச்சு சாதாரணச் சமையலில் அழியாது.

ஜனவரி 24

இந்தக் குறிப்பை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதியே ஆக வேண்டும்.

வீணாக்கக் கூடாது என்று நாம் பேசும்போது, அந்த மிச்சத்தை யார் சாப்பிடுகிறார் என்று கேட்பதில்லை. எங்கள் வீட்டில் அம்மா சாப்பிட்டார். வருடக்கணக்காக. எல்லோரும் எழுந்த பிறகு, மேடைக்குப் பக்கத்தில் நின்றபடி, பாத்திரத்தின் அடியில் இருந்ததையும் பேத்தி தட்டில் விட்டதையும் வழித்துச் சாப்பிடுவார். அவர் தட்டில் முதலிலேயே முழுச் சாப்பாடு சாப்பிட்டிருப்பார். ஆறு மாதம் முன்பு அவருக்குச் சர்க்கரை அளவு ஏறியிருப்பதாகத் தெரிந்தது. தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்டபோது, அம்மா மூன்று வேளையை மட்டும் சொன்னார். நின்றுகொண்டு சாப்பிட்டதை அவர் சாப்பாடாகவே எண்ணவில்லை. நானும் எண்ணியதில்லை. எங்கள் வாளியில் சேர்ந்தது குறைவு என்று மகிழ்ந்திருந்தேனே, அதில் ஒரு பங்கு அம்மாவின் உடம்பில் போய்ச் சேர்ந்திருக்கிறது. தேவைக்கு மேல் வயிற்றில் போட்டாலும் அந்த உணவு வீண்தான்.

இப்போது செய்வது: பாத்திரங்களை மேசைக்குக் கொண்டுவருவதில்லை. மகளுக்கு முதலில் பாதி அளவு. வேண்டுமானால் எழுந்து வந்து போட்டுக்கொள்வாள். நாங்கள் சாப்பிட உட்காரும் முன்பே மிச்சத்தை டப்பாவில் போட்டு மூடிவிடுகிறோம். மூடி போட்ட பிறகு அது நாளைய மதிய உணவு. அம்மாவின் கண்ணுக்கும் மிச்சமாகத் தெரிவதில்லை. தட்டில் விட்ட இரண்டு வாய்ச் சோற்றை நான் மனமாரத் தொட்டியில் போடுகிறேன். அதைப் பார்க்க அம்மாவுக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. அவர் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

ஜனவரி 25

அப்படியானால் மகளுக்கு வீணாக்கலாம் என்றல்லவா கற்றுத்தருகிறீர்கள் என்று ஒருவர் கேட்கிறார். இல்லை. நேற்று அவள் தானாகவே ஒரு கரண்டி குறைவாகக் கேட்டாள்.

பிப்ரவரி 2

பயறு பற்றி. பணத்துக்கும் உடம்புக்கும் இதைவிட நல்ல பண்டம் எனக்குத் தெரியாது. புரதம், நார்ச்சத்து இரண்டும் உண்டு, உலர்ந்த நிலையில் மாதக்கணக்கில் கெடாது. ஞாயிறு ஒரு பெரிய பாத்திரத்தில் வேகவைத்து, ஒரு வேளைக்கான டப்பாக்களாகப் பிரித்து ஃப்ரீசரில் வைக்கிறேன். மிகப் பழைய பயறு வேக நேரமாகும். கெட்டுவிட்டது என்று எறியாதீர்கள், கூடுதலாக ஊறவிடுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சிவப்பு ராஜ்மாவைக் குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவைக்க வேண்டும். குறைந்த சூட்டில் மெல்ல வேகவைக்கும் மின்பாத்திரத்தில் அப்படியே போடக் கூடாது. அதிலுள்ள லெக்டின் நச்சு அந்தச் சூட்டில் அழியாது, வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும்.

ரொட்டியை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில்தான் மாவுச்சத்து வேகமாக இறுகி, வெளியே இருப்பதைவிடச் சீக்கிரம் வறண்டு கெட்டியாகும். துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டியதை மட்டும் எடுத்துச் சுட்டுக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 8

முதல் நாள் உங்களுக்குச் சொன்ன பதிலையே இன்று திருத்த வேண்டியிருக்கிறது. 'வாங்குவதைக் குறையுங்கள்' என்று எழுதினேன். ஒரு மாதமாக அதைத்தான் செய்தோம். குப்பை குறைந்தது, செலவும் குறைந்தது. ஆனால் நாங்கள் சாப்பிட்டது?

உலகச் சுகாதார நிறுவனம் பத்து வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவருக்கும் நாளுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறி, பழம் வேண்டும் என்கிறது. உருளைக்கிழங்கு போன்ற மாவுக்கிழங்குகள் அதில் சேராது. நான்கு பேருக்கு நாளைக்கு 1.6 கிலோ, வாரத்துக்குப் பதினோரு கிலோவுக்கு மேல். எங்கள் சீட்டுகளைக் கூட்டினால் ஆறு கிலோகூட வரவில்லை. இரட்டிப்பாக வாங்கிய நீங்கள் அளவில் தவறு செய்யவில்லை. என் அவசரப் பதிலுக்கு மன்னியுங்கள்.

மாற்ற வேண்டியது வாங்கும் வகையை. பதினோரு கிலோவும் இலையாகவும் மென்பழமாகவும் இருந்தால் எந்த வீட்டாலும் தீர்க்க முடியாது. பாதிக்கு மேல் காத்திருக்கக் கூடியதாக இருக்கட்டும்: முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், வெட்டாத பூசணி, ஆப்பிள், ஆரஞ்சு. கீரை இரண்டு கட்டு, இரண்டு நாளில் தீர.

உறைந்த காய்கறி வீட்டுக்குள் வராது என்று எழுதியதையும் திரும்பப் பெறுகிறேன். அவற்றைப் பறித்த சற்று நேரத்தில் கொதிநீரில் முக்கி எடுத்து உறையவைக்கிறார்கள். முக்கும்போது வைட்டமின் சி கொஞ்சம் போகும். அதற்குப் பிறகு இழப்பு குறைவு. நான் 'புதியது' என்று வாங்கி நான்கு நாள் கழித்துச் சமைத்த கீரை, அந்த நான்கு நாளும் வைட்டமின் சியை இழந்துகொண்டேதான் இருந்தது. இப்போது ஃப்ரீசரில் பட்டாணியும் பசலைக்கீரையும் இருக்கின்றன. சமைக்க நேரமில்லாத அந்த மூன்று இரவுகளில் ஒரு கைப்பிடி எடுத்துப் போட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிகிறது. மீதி அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 12

இன்று வியாழன். கேள்வி கேட்டவர் நேற்று எழுதியிருக்கிறார்: இந்த வாரம் ஒரு கட்டுக் கீரைகூட எறியவில்லையாம். படித்ததிலிருந்து மனம் நிறைந்திருக்கிறது.

எங்கள் கீழ்த்தட்டை இப்போதுதான் இழுத்துப் பார்த்தேன். அரை முட்டைக்கோஸ், நான்கு கேரட், தோல் சுருங்கத் தொடங்கிய இரண்டு தக்காளி, துணியில் ஒரு கைப்பிடி கீரைத்தண்டு. மகளின் பச்சை மையில் 'பயறு, செவ்வாய்' என்று ஒரு டப்பா. எல்லாவற்றையும் சேர்த்து இரவுக்கு சூப் வைக்கப்போகிறேன். தக்காளியை அம்மா ஏற்கெனவே நறுக்கத் தொடங்கிவிட்டார்.